அம்மாவின் வலி மாத்திரை

எங்கள் அம்மா வெற்றிலைகூடப் போட்டதில்லை. நகரியில் எங்கள் தெருவில் பவர்லூம் ஓட்டும் வீடுகளில் பாதிப் பெண்களுக்கு வாயில் எப்போதும் புகையிலை அடங்கியிருக்கும். தறிச் சத்தத்தில் பேச முடியாது, வாய்க்கு வேறு ஏதாவது வேலை வேண்டாமா என்பார்கள். அம்மா அவர்களோடு உட்கார்ந்து காப்பி குடிப்பாள், அதற்கு மேல் எதுவும் கிடையாது. அவளுடைய அண்ணன் குடித்தே செத்தவர். அதனால் யாராவது குடிகாரனைப் பற்றிச் சிரித்துப் பேசினால் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒன்று வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வந்த பிறகும் அதை என்னவென்று சொல்வது என்று எங்களுக்கு வெகுநாள் தெரியவில்லை.

நான் திருப்பதியில் டிகிரி கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தாள். மழை பெய்து பாசி பிடித்திருந்த சிமெண்டுத் தரை. எலும்பு முறியவில்லை. ஆனால் இடுப்பில் பட்ட அடி அவளை நிமிர விடவில்லை. எங்கள் வீட்டில் தறி ஓட்டுவது நைனா, எங்கள் அப்பா. தறிக்கு வேண்டிய ஊடை நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தருவது அம்மா. அதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்தபடி உட்கார்ந்திருக்கிற வேலை. அவள் படுத்தால் தறி நின்றுவிடும். டாக்டர் ஒரு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளைக்குப் போதும், பிறகு நிறுத்திவிடுங்கள் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

லீவுக்கு நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா புது ஆளாக இருந்தாள். தார் சுற்றிக்கொண்டே பேசினாள், சிரித்தாள், சமையலுக்கும் எழுந்து ஓடினாள். வலி இல்லையா என்று கேட்டேன்.

"அது எங்க போச்சோ தெரியல. மாத்திரை போட்டா ஒடம்பே லேசா கீதுடி. உள்ளுக்குள்ள இருந்த பாரத்த எல்லாம் யாரோ எறக்கி வச்சா மாதிரி" என்றாள்.

எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு உள்ளே என்ன பாரம் இருந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை. பிறகும் அவள் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்தேன். மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அலுவலக வேலை கிடைத்தது. வீட்டுக்காரருக்கு மோட்டார் ரிப்பேர் வேலை. அம்மா எப்போதாவது வந்து சில நாள் தங்கிவிட்டுப் போவாள். அப்படி வரும்போதெல்லாம் சின்னச் சின்னதாக ஏதோ மாறியிருந்தது. டிவி பார்த்துக்கொண்டிருப்பாள், பேச்சுக்கு நடுவில் தலை தொங்கிவிடும். கூப்பிட்டால் "தூங்கல, கேட்டுக்கினுதான் கீறேன்" என்பாள். மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பாள். சாப்பாடு குறைந்துவிட்டது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் குடிப்பாள். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டோம். சாதுவாக இருந்தவள் திடீரென்று ஒரு காலையில் பையைக் கவிழ்த்துப் போட்டு எதையோ தேடினாள். கிடைக்கவில்லை என்றதும் என்னைப் பார்த்து, "நீதான் எத்து வச்சிட்ட" என்று கத்தினாள். அன்றைக்கே நகரி பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அம்மாவுக்குப் பக்தி அதிகமாகிவிட்டது என்று தெருவில் பேச்சு வந்தது. அடிக்கடி ரயிலேறித் திருப்பதி போகிறாள், பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறாள் என்று பக்கத்து வீட்டு அம்மாள் போனில் என்னிடம் பெருமையாகச் சொன்னாள். நைனாவும் அப்படித்தான் நம்பினார்.

ஒருநாள் கம்பெனி வேலையாக நான் திருப்பதி போயிருந்தேன். வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும் வழியில், வரிசையாக மெடிக்கல் ஷாப்புகள் இருக்கும் இடத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரன் எதுவும் கேட்காமல் ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். சீட்டு கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை. அவளும் பார்க்காமல் வாங்கி முந்தானைக்குள் செருகிக்கொண்டு திரும்பினாள். திரும்பினால் நான்.

"நீ எங்கடி இங்க?" என்றாள்.

"நீ எங்கம்மா இங்க?"

"சேவிச்சிட்டு வந்தேன்."

"லட்டு எங்க?"

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டாள். பிறகு, "கூட்டமா இருந்துது. மேல போவல. கீழயே கும்பிட்டுக்கினு வந்துட்டேன்" என்றாள்.

"முந்தானைல இன்னாது?"

"முட்டி வலி மாத்திரை. நம்ம தெருவுல முட்டி வலி இல்லாதவங்க யாரு கீறாங்க? எல்லாருக்கும் சேத்து வாங்கினேன்."

சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஸ்டேஷன் வரைக்கும் கூடவே போனேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். அவள் கண்ணில் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வெயிலால் என்று நினைத்தேன்.

அடுத்த மாதமே அது நடந்தது. காலை வேளை. நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா சுற்றிய தார்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு தறிக்கு நடுவில் இருக்கும் சந்தில் வந்தாள். நைனா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடை கீழே விழுந்தது. அவள் உடம்பு விறைத்தது, வெட்டி வெட்டி இழுத்தது. தலை, ஓடுகிற தறியின் இரும்புச் சட்டத்தில் போய் இடித்தது. நைனா மெயின் சுவிட்சை நோக்கி ஓடினார். அவர் அதை அணைக்கவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்களாம். தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வீட்டில் மட்டும் சத்தம் நின்றால் ஏதோ ஆகிவிட்டது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைத் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நெற்றியில் தையல். பேச்சு குழறியது. டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். தெலுங்கில்தான் பேசினார், நாங்கள் பேசும் தமிழ் அவருக்குப் புரிந்தது. இதற்கு முன்னால் வலிப்பு வந்ததுண்டா, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் நைனா. ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். அதற்கும் இல்லை என்றார். நான் சாப்பிடுகிறாள் என்றேன். நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் பையில் இருந்த அட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

டாக்டர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது எப்போ போடுவீங்கம்மா?"

"வலி வந்தா போடுவேன்."

"வலி எப்போ வரும்?"

அம்மா கூரையைப் பார்த்தாள். "எப்பவும் கீது" என்றாள்.

டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு விளக்கினார். இந்த மாத்திரை வலியை நிறுத்தும், கூடவே மூளையைப் பழக்கப்படுத்திவிடும். முதலில் ஒன்று போதும், பிறகு ஒன்று போதாது. அளவு ஏற ஏற இப்படி வலிப்பும் வரும். நிறுத்தினால் உடம்பு முழுக்க வலிப்பதுபோல் இருக்கும், அதனால் வலி இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி போடுவார்கள். அவர் சொல்லச் சொல்ல நைனா தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் டாக்டர் ‘மத்துமந்து’ என்ற சொல்லைச் சொன்னார். தெலுங்கில் போதைப்பொருளுக்கு அதுதான் சொல். நைனா தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்.

"எம் பொண்டாட்டி அந்த மாதிரி இல்லீங்க" என்றார். டாக்டர் கோபப்படவில்லை. யாரும் அந்த மாதிரி இல்லை, இவர்களும் இல்லை என்று மட்டும் சொன்னார்.

போதையிலிருந்து மீட்கும் பிரிவு அதே ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில் இருந்தது. அங்கே படுக்கைகள் எல்லாமே ஆண்களுக்கு. பெண்களுக்கு இன்னும் ஏற்பாடு ஆகவில்லை, வெளியிலிருந்து வந்து போகலாம் என்றார்கள். அம்மா வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். கையில் கட்டுப் போட்டவன், தாடி வளர்ந்தவன், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பீடிக்கு அலைகிறவன். அவள் அண்ணனைப் போலவே பத்துப் பேர் இருந்தார்கள்.

"நான் குடிகாரியா? என்னெ இங்க உக்கார வச்சிட்டுப் போவப் பாக்கிறீங்களா?" என்றாள். "நானே உட்டுடறேன். எவனும் எனக்குச் சொல்லித் தர வேணாம்."

அவளைச் சித்தூருக்கு என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தது. கம்பெனி வாசலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் லாரிகள் நிற்கும். லீவு கேட்டால் முறைப்பார்கள். இருந்தும் கேட்டேன், பாதி கிடைத்தது.

திடீரென்று நிறுத்துவது எப்படியிருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டாக்டர் சொல்லியிருப்பார். நாங்கள்தான் உட்கார்ந்து கேட்காமல் கிளம்பி வந்துவிட்டோம். முதலில் கொட்டாவி வந்துகொண்டே இருந்தது. பிறகு மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். அந்த வெயிலில் அவள் கையில் மயிர்க்கூச்செறிந்து நின்றது, போர்வை கேட்டாள், போர்த்தினால் உதைத்துத் தள்ளினாள். கால்கள் அவளுக்குச் சொந்தமில்லாதவை போல உதறிக்கொண்டே இருந்தன. வயிறு கழிந்தது. எழுந்து போவதற்குள் புடவையிலேயே போய்விட்டாள்.

நான் ஆபீசில் இருந்தேன். வீட்டில் இருந்தது வீட்டுக்காரர் மட்டும். மாப்பிள்ளை எதிரில் அம்மா உட்கார்ந்து பேசியதே இல்லை. அவர் கூடத்துக்கு வந்தால் இவள் சமையலறைக்குப் போய்விடுவாள். அன்றைக்கு அவர்தான் வெந்நீர் வைத்து, துணியை அலசிப் போட்டு, தரையைக் கழுவிவிட்டார். நான் வந்தபோது அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் வாசலில் நின்று கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் எனக்குச் செய்த பெரிய காரியம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஒரு வாரத்துக்குப் பிறகு உடம்பு கொஞ்சம் அடங்கியது. அம்மா இட்லி தின்றாள், தலைக்குக் குளித்தாள். விட்டுவிட்டேன் என்றாள். நம்பினோம். நைனா வந்து அழைத்துப் போனார். அந்த மாதம் முடிவதற்குள் அவள் மறுபடியும் பழையபடி ஆகிவிட்டாள். போனில் பேசும்போதே எனக்குத் தெரிந்தது. வார்த்தைகளுக்கு நடுவில் நீளமான இடைவெளி.

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த மெடிக்கல் ஷாப்புக்கே போனேன். கடைக்காரர் நெற்றியில் பெரிய நாமம், சுவரில் மாலை போட்ட பெருமாள் படம். எங்கள் அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள் என்று போனில் இருந்த படத்தைக் காட்டிச் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார்.

"இவங்களா? பாவம், இடுப்பு வலின்னு சொல்லுவாங்கம்மா" என்றார்.

"சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது இல்ல?"

"நான் குடுக்கலன்னா பக்கத்துக் கடைல வாங்குவாங்க. அவரு குடுக்கலன்னா அடுத்த சந்து. அப்பாலே புத்தூர் கீது, ரேணிகுண்டா கீது. நீ எத்தினி கடைக்குப் போவ?"

அவர் திட்டாமல், சலிப்பாகத்தான் சொன்னார். பின்னால் ஒரு ஆள் இருமல் மருந்துக்கு நின்றுகொண்டிருந்தான். இருமவில்லை. நான் நகர்ந்ததும் அவனுக்குப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

நைனாவிடம் சொன்னால், "வலிக்குதுன்னு சொல்றாளே, நான் இன்னா பண்றது?" என்பார். அவர்மேலும் கோபப்பட முடியவில்லை. மாத்திரை போட்டால் அவள் தார் சுற்றுகிறாள், சமைக்கிறாள், சண்டை போடுவதில்லை. போடாவிட்டால் வீடே நரகம். சாராயம் போல நாற்றமில்லை, தெருவில் விழுவதில்லை, குடும்பத்தை விற்றுத் தின்னும் செலவும் இல்லை. அதனால்தான் எங்கள் வீட்டில் அது அத்தனை நாள் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டிருந்தது.

நான் அம்மாவுக்குப் போன் செய்வதைக் குறைத்தேன். வெறுப்பினால் இல்லை. களைப்பாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் குரலைக் கேட்டு, போட்டிருக்கிறாளா போடவில்லையா என்று கண்டுபிடிக்கிற வேலை எனக்கு அலுத்துப்போயிருந்தது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் அவளே கூப்பிட்டாள். நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னெ அந்த டாக்டரம்மாகிட்ட இட்டுக்கினு போறியா?"

"இன்னா ஆச்சி? மறுபடி விழுந்தியா?"

"விழல. காலைல கண்ண முழிச்சா மொதல்ல அந்த நெனப்புதான் வருது. உன் நெனப்பு வரல. நைனா நெனப்பு வரல. பெருமாள் நெனப்புகூட வரல. இருக்கா, தீந்துபோச்சா, அதான். அதுக்குத்தான் நான் முழிச்சிக்கிறா மாதிரி கீது." பிறகு, "பயமா கீதுடி" என்றாள்.

அவள் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தத் தடவை டாக்டர் சொன்னதை உட்கார்ந்து கேட்டோம். வலி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தச் சொல்லவில்லை. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற வேறொரு மாத்திரை. அதை ஆஸ்பத்திரியில் அவர்கள் கண் முன்னாலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வெகுநாள் சாப்பிட வேண்டியிருக்கும், வருடக்கணக்கில்கூட ஆகலாம், அவசரப்பட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். நைனாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு மாத்திரைய உட இன்னொரு மாத்திரையா? இது இன்னா நியாயம்?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

சில மாதங்கள் அம்மா என்னோடு சித்தூரில் இருந்தாள். ஆரம்பத்தில் அடிக்கடி, பிறகு மீதி நாளுக்கான மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்பியதால் வாரத்துக்கொரு தரம் திருப்பதி போவோம். காலை ரயில். பாகாலா ஜங்ஷனில் வண்டி நிற்கும்போது இட்லி வாங்கித் தின்போம். அங்கேதான் ஒரு தம்பி ஏறுவான். இருபத்தைந்து வயதிருக்கும். லாரி மெக்கானிக். நகக்கண்ணில் கறுப்பு கிரீஸ் எப்போதும் இருக்கும். முழங்கை மடிப்பை மறைத்து, எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஆஸ்பத்திரி வரிசையில் எங்களுக்கு முன்னால் அவனை ஒருநாள் பார்த்த பிறகுதான் அவனும் அதே இடத்துக்கு வருகிறவன் என்று தெரிந்தது. அவனும் எங்களைக் கண்டு திகைத்தான்.

"ஏம்மா, மீரு கூடா இக்கடிகேனா?" என்றான். நீங்களுமா இங்கே வருகிறீர்கள் என்று.

"இடுப்பு வலிக்கு" என்றாள் அம்மா.

அவன் சிரிக்கவில்லை. வேலூர்ப் பக்கம் வேலை செய்திருந்ததால் தமிழ் நன்றாக வரும். "எனக்குத் தோள்பட்டை வலிம்மா. அப்படித்தான் ஆரம்பிச்சிது. அப்பாலே மாத்திரை பத்தல, ஊசி" என்றான்.

அந்த ஆண்கள் வரிசையில் அம்மா ஒருத்திதான் பெண். முதல் சில நாட்கள் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவன் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்த பிறகு முந்தானை கீழே இறங்கியது. ரயிலில் இரண்டு பேரும் பேசிக்கொண்டு வருவார்கள். எனக்கும் நைனாவுக்கும் டாக்டருக்கும் சொல்லாததையெல்லாம் அவள் அவனிடம் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்குவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கெங்கே ஒளித்து வைத்தாள், சாமான் துலக்கும்போது எப்படி வாயில் போட்டுக்கொண்டாள், என் கல்யாணத்தன்று தாலி கட்டும் நேரத்தில் எத்தனை மயக்கத்தில் இருந்தாள் என்று. "எம் பொண்ணு கல்யாணம் எனக்கு ஞாபகமே இல்ல. போட்டோ பாத்துதான் தெரிஞ்சிக்கினேன்" என்றாள். அவன், "எனக்கு எங்க நைனா சாவு ஞாபகம் இல்லம்மா" என்றான்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. எந்த ஸ்டேஷன் தாண்டியது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அவனுக்கு உடம்பு தேறியது. கன்னத்தில் சதை பிடித்தது. பெண் பார்க்கிறார்கள் என்று சொன்னான். பிறகு ஒருநாள் முகம் வாடியிருந்தது. வீட்டில் அம்மாவும் அண்ணனும் திட்டுகிறார்களாம். ஊசியை விட்டுவிட்டு மாத்திரையைப் பிடித்துக்கொண்டாய், இதுவும் மந்துதானே, ஆம்பிளையாக இருந்தால் எல்லாவற்றையும் விடு என்று. எங்கள் பக்கத்தில் தெலுங்கில் மருந்துக்கும் மந்து, சாராயத்துக்கும் மந்து. இரண்டையும் அவர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"டாக்டரம்மா நிறுத்தச் சொன்னாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல."

"அப்ப உடாத. எங்க வீட்டுலயும் அதான் சொல்லிக்கினு கீறாரு. நான் காதுல போட்டுக்கறதில்ல."

அவன் சரி என்றான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பாகாலாவில் வண்டி நின்றால் அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்ப்பாள். கொஞ்ச நாளில் பார்ப்பதை விட்டுவிட்டாள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

அவன் செத்துப்போன செய்தியை ஆஸ்பத்திரியில் மாத்திரை தருகிற நர்ஸ்தான் சொன்னாள். மருந்தை அவனாகவே நிறுத்தியிருக்கிறான். சில மாதம் எதுவும் இல்லாமல் நன்றாகவே இருந்திருக்கிறான். பிறகு ஒருநாள் பழைய சிநேகிதர்களோடு உட்கார்ந்து, முன்பு போட்டுக்கொண்ட அதே அளவு ஊசியைப் போட்டிருக்கிறான். உடம்புக்கு அந்தப் பழக்கம் போய்விட்டிருந்தது. மூச்சு நின்றுவிட்டது. கூட இருந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். விட்டுவிட்டவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம், நிறைய பேருக்கு இது தெரிவதில்லை என்று நர்ஸ் சொன்னாள்.

அம்மா நாக்கைத் தூக்கி மாத்திரையை வாங்கிக்கொண்டாள். அது கரைகிறவரை பேசவும் முடியாது. கண்ணிலிருந்து மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது பாகாலாவில் இறங்க வேண்டும் என்றாள். வீடு எங்கே என்று தெரியாது. ஸ்டேஷன் வெளியே ஒரு மெக்கானிக் ஷெட்டில் விசாரித்தோம், கைகாட்டினார்கள். ஓட்டு வீடு. அவனுடைய அம்மா வெளியே வந்தாள். நீங்கள் யார் என்று கேட்டாள். அம்மா தெலுங்கில், ஆஸ்பத்திரியில் உங்கள் பிள்ளையோடு மருந்து வாங்குகிறவள் என்றாள். அந்த அம்மாளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. வயசான, நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒரு பெண் இதைச் சொல்கிறாளே என்று பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்கதான் உடச் சொன்னோம், நாங்கதான் உடச் சொன்னோம்" என்று தெலுங்கில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா அவளைத் தேற்றவில்லை. தேற்ற என்ன இருக்கிறது. கையை மட்டும் விடாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வண்டிக்கு நேரமாகும்வரை அப்படியே இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் தன் பெட்டியைத் திறந்தாள். பட்டுப் புடவையின் மடிப்புக்குள்ளிருந்து பழைய வலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். அத்தனை மாதமும் சிகிச்சைக்கு வந்துகொண்டே அதையும் வைத்திருந்திருக்கிறாள்.

"போடல. சும்மா வச்சிருந்தேன். இருக்குதுன்னு ஒரு தைரியம்" என்றாள்.

வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போய், ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பாத்ரூமில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். நைனாவிடம் பாகாலாத் தம்பியைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் இன்னொரு மாத்திரை எதற்கு என்று கேட்டதில்லை. சில நாள் அவரே அம்மாவை அழைத்துக்கொண்டு திருப்பதி போகிறார். அந்த வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார்.

அம்மா இப்போது நகரியில்தான் இருக்கிறாள். தார் சுற்றுவதை நிறுத்திவிட்டோம், அதற்கு ஆள் வைத்திருக்கிறார் நைனா. எல்லாம் சரியாகிவிட்டதா என்று உறவுக்காரர்கள் கேட்டால் ஆகிவிட்டது என்று சொல்கிறேன். எனக்குள்ளே அப்படியில்லை. அவள் கொட்டாவி விட்டால் கண்ணைப் பார்க்கிறேன். பாத்ரூமில் கொஞ்ச நேரம் அதிகமாக இருந்தால் கதவருகில் போய் நிற்கிறேன். அவளுக்கும் அது தெரியும். கதவைத் திறந்துகொண்டு வந்து, "ஒண்ணியும் இல்லடி, போ" என்பாள். முன்பு இதற்குக் கோபப்படுவாள். இப்போது இரண்டு பேருக்குமே சண்டை போடத் தெம்பில்லை.

போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தபோது அவளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. சித்தூரில் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். உள்ளே நோயாளிகள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள், டாக்டரின் நாற்காலிக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு திரை மட்டும்தான். பல்லைப் பிடுங்க வேண்டும், பிடுங்கிய பிறகு நன்றாக வலிக்கும், நல்ல மாத்திரையாக எழுதித் தருகிறேன் என்றார் அவர். நான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அம்மா வீங்கிய வாயோடு தெலுங்கில் சொன்னாள்.

"அந்த மாத்திரை எனக்கு வேணாம் சார். நான் அதுக்கு அடிமை ஆனவ. திருப்பதியில வைத்தியம் நடக்குது. சாதாரண மாத்திரை எது கீதோ அத்தக் குடுங்க. வலிச்சா வலிக்கட்டும்."

திரைக்கு வெளியே பேச்சு நின்றது. டாக்டர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். திருப்பதி டாக்டரின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவரிடமும் பேசினார். பிறகு ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினார். வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அம்மா அவர்களைப் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

நகரிக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டேன். மரத்துப்போனது பாதி வழியில் விட்டுவிட்டது. ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள், பஸ் குழியில் இறங்கும்போதெல்லாம் அவள் பஞ்சைக் கடித்துக்கொண்டு முனகினாள். என் கையைப் பிடித்தாள், நகம் பதிகிற அளவுக்கு.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

வாயைத் திறக்க முடியாமல் ஆமாம் என்று தலையாட்டினாள். டாக்டர் எழுதிய சாதாரண மாத்திரையைப் போட்டாகிவிட்டது, அதற்கு மேல் என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. தண்ணீர் பாட்டிலை அவள் கன்னத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அது சூடாகிவிட்டிருந்தது, ஆனாலும் அவள் எடுக்கச் சொல்லவில்லை.